நோல்டாவின் ஐந்தாவது ஆத்துமா

நோல்டா வான் கெஸ்டலுக்கு இறந்துபோனவர்கள் நான்கு பேர். அப்பா, அவளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது போன அம்மா, விஷக் காய்ச்சல் வருடத்தில் போன தம்பி ஷாக், அம்மாவுக்குப் பின் அவளை வளர்த்த அத்தை. பெல்ஜிய எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் லீர்ஹோவனில் எந்த வீட்டில் எத்தனை மாடு என்று தெரிவதுபோலவே, எந்த வீட்டுக்கு எத்தனை இறந்தவர்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். அவள் எங்கள் வீட்டு மாடியறையில் குடியிருந்தாள். நான் சுருட்டுகளை நிறம் பிரித்து அடுக்குகிற பட்டறையில்தான் அவளும் புகையிலை நரம்பு உரித்தாள்.

ஆகையால் 1934 ஆகஸ்டில் அவள் ஐந்து முறை கோவிலுக்குள் போய்வந்தாள் என்ற செய்தி பரவியபோது, ஐந்தாவது ஆள் யார் என்ற கேள்வி முதலில் எங்கள் அடுப்படிக்குத்தான் வந்தது.

ஆகஸ்டு முதல் தேதி மதியத்திலிருந்து இரண்டாம் தேதி நாள் முடியும்வரை எங்கள் கோவிலில் பரிபூரண பலன், அதாவது பாவத்துக்கான வேதனை முழுவதையும் நீக்கும் வரம், உண்டு. குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை அப்பமான நன்மை வாங்கிய ஒருவர் உள்ளே நுழைந்து ஆறு பரலோக மந்திரமும் ஆறு அருள்நிறை மந்திரமும் ஆறு பிதா மந்திரமும் சொன்னால், இறந்தவர்கள் மோட்சத்துக்கு முன் வேதனைப்பட்டுத் தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து ஓர் ஆத்துமா வெளியே வரும். அடுத்த ஆத்துமாவுக்கு மறுபடி நுழைய வேண்டும். மறுபடி நுழைவதற்கு முதலில் வெளியே வர வேண்டும். கோபுர வாசல் வழியாக உள்ளே, பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே, மதிலைச் சுற்றி மறுபடி கோபுர வாசல். இதற்கு எங்கள் பக்கத்தில் ‘பெர்ஷொங்கலென்’ என்று பெயர். அந்த நாளில் ஊரே கோவிலைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நெரிசலில் அவரவர் இறந்தவர்களைத் தவறாமல் முடிப்பதே பெரும்பாடு. அடுத்தவர் எத்தனை முறை போனார் என்று பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது.

அந்த வருடம் ஒருவருக்கு நேரம் இருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் கிரைன்ஸ்.

அவர் நாட்டின் வடக்கே, பெரிய ஆறுகளுக்கு அப்பாலிருந்து வந்தவர். எங்கள் ஊரில் அது மூன்றாவது வருடம். பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர்கள் வருடத்துக்கு இரண்டு முறை வாத்தியார்களுக்குக் கேள்வித்தாள் அனுப்புவார்கள்: உங்கள் ஊரில் வண்டியின் அச்சாணிக்கு என்ன சொல்வார்கள், தவளைக்கு என்ன சொல்வார்கள் என்று. அந்த முறை கேள்வி பெர்ஷொங்கலென் பற்றி. இந்தச் சொல் உங்கள் ஊரில் உண்டா, எப்படிச் செய்கிறார்கள், ஒருவர் எத்தனை முறை போகிறார், சொல் எங்கிருந்து வந்ததாக ஊரார் நினைக்கிறார்கள். வாத்தியார் எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். இரண்டாம் தேதி மதியம் பூசை முடிந்ததும் கோவிலுக்கு எதிரே இருந்த மதுக்கடையின் ஜன்னலோரத்தில் ஒரு குவளை பியரோடும் நோட்டுப் புத்தகத்தோடும் உட்கார்ந்தார்.

மூன்று மணிக்குள் ஊர் அவரைக் கவனித்துவிட்டது. கோயில்பிள்ளை யானுஸ், வாத்தியார் கோவில் குருவான பங்குச்சாமிக்காகப் பெயர் எழுதுகிறார் என்றார். யார் எத்தனை முறை வந்தார்கள், யார் வரவேயில்லை என்பதெல்லாம் பங்குப் புத்தகத்தில் ஏறப்போகிறது. ரொட்டிக்கடைக்காரர் மனைவி அது வரிவசூல்காரன் வேலை என்றாள். பேர்கெ என்ற விவசாயி, சிறு நிலங்களை ஒன்றாகச் சேர்த்து மறுபங்கீடு செய்ய அலையும் கூட்டத்துக்காக ஆள் எண்ணிக்கை எடுக்கிறார் என்று உறுதியாகச் சொன்னான். நான்கு மணிக்கு மேல் பாதிப்பேர் பக்கவாட்டு வாசல் வழியாகவே உள்ளே போய் அதன் வழியாகவே வெளியே வந்தார்கள். சிலர் வீட்டுக்கே போய்விட்டார்கள். அந்த வருடம் எங்கள் ஊரின் இறந்தவர்களில் பலர் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க நேர்ந்தது. காரணம் ஒரு பென்சில்.

நோல்டா எதையும் மாற்றவில்லை. கோபுர வாசலில் நுழைந்து பக்கவாட்டு வாசலில் வந்தாள். ஐந்து முறை. அது வாத்தியார் கண்ணால் கண்டது. நான் அப்போது என் மாமனாருக்காக முழங்காலில் இருந்தேன்.

அடுத்த ஞாயிறு பாட்டுப் பூசைக்குப் பிறகு மதுக்கடையில் வாத்தியார் தன் நோட்டுக்கு விளக்கம் சொல்ல முயன்றார். முதலில் எங்களைக் கேட்டார், சொல் எங்கிருந்து வந்தது என்று. ஒரு நுழைவுக்கு ஓர் ஆள் என்பதால் ஆளைக் குறிக்கும் ‘பெர்சோன்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்றார் யானுஸ். பெரிய கதவை நெருக்கித் தள்ளிக்கொண்டு போவதால் நெருக்குவதைக் குறிக்கும் ‘பெர்சென்’ என்பதிலிருந்து வந்தது என்றான் இன்னொருவன். வாத்தியார் இரண்டையும் எழுதிக்கொண்டார். பிறகு தன் விடையைச் சொன்னார். இத்தாலியில் அசிசி நகரத்துக்கு வெளியே இடிந்து கிடந்த சின்னக் கோவில் ஒன்று. அது நின்ற இடத்துக்குப் போர்சியுங்குலா என்று பெயர். துண்டு நிலம் என்று அர்த்தம். பிரான்சிஸ் முனிவர் அந்தக் கோவிலைத் தன் கையாலேயே செப்பனிட்டார். பிற்பாடு அங்கே வந்து மன்றாடுகிறவர்களுக்குப் பரிபூரண பலன் என்றானது. இடத்தின் பெயர் பலனுக்கு வந்தது, பலனின் பெயர் நாளுக்கு வந்தது. அவருடைய சபைத் துறவிகள் அதை வடக்கே கொண்டுவந்தார்கள். லத்தீன் அறியாத வாய்கள் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் அது கோவிலுக்குள் போய் வெளியே வருவதற்கான சொல்லாகிவிட்டது.

துண்டு நிலம் என்றதும் பேர்கெ தன் குவளையைக் கீழே வைத்தான்.

“நான் சொன்னேன்ல,” என்றான்.

இதை நான் சாப்பாட்டு வேளையில் நோல்டாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். தன் அம்மாவும் இதே சொல்லைத்தான் சொல்வாள் என்றாள். அவள் அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம், பெல்ஜியத்தில் வெஸ்டரேல் என்ற ஊர்க்காரி. அப்படியானால் அங்கும் அதே துறவிகள்தான் வந்திருக்க வேண்டும் என்றாள் நோல்டா.

அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அக்டோபரில், உருளைக்கிழங்கு எடுத்து முடிந்ததும், ஹாரி ஸ்முல்டர்ஸைக் கட்டிக்கொள்வதாக இருந்தது. ஹாரி மனைவியை இழந்தவன், பிள்ளை இல்லை. ஆறு மாடும் கொஞ்சம் கம்புக்கோதுமை நிலமும் இருந்தன. நோல்டா பதினான்கு வயதிலிருந்து மற்றவர்கள் வீட்டில் படுத்து எழுந்தவள். ஆண்ட்வெர்ப்பில் எட்டு வருடம் வீட்டுவேலை, பிறகு எங்கள் மாடியறை. சொந்தமாக ஒரு கதவு அவளுக்கு முதல்முறையாக வாய்க்கவிருந்தது. செப்டம்பர் முதல் ஞாயிறு கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கத் தொடங்குவார்கள். மூன்று ஞாயிறு.

ஹாரியின் வீட்டைப் பார்த்துக்கொண்டது அவன் அக்கா லீன். தம்பி மனைவி செத்த நாளிலிருந்து அந்த அடுப்பு அவளுடையது. வெள்ளிக்கிழமைதோறும் வாத்தியார் வீட்டைக் கூட்டித் துடைப்பதும் அவள்தான். நோட்டுப் புத்தகம் மேசைமேல் திறந்தே கிடந்தது. பெயர்களின் முதல் எழுத்துகள், பக்கத்தில் எண்கள். லீனுக்கு அதிகம் படிக்கத் தெரியாவிட்டாலும் ஊரின் பெயர்களும் எண்களும் தெரியும்.

அந்த ஞாயிறுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை மாலை அவள் எங்கள் அடுப்படிக்கு வந்தாள். நோல்டா இன்னும் வீடு திரும்பவில்லை. என் மனைவி தோனியா கோதுமை மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

“அவளுக்கு நாலு பேருதான?” என்றாள் லீன்.

“நாலுதான்.”

“அஞ்சு தடவ போயிருக்கா.”

“வாத்தியாரு எண்ணத் தப்பியிருப்பாரு.”

“ஹாரிக்கு ரெண்டு போட்டிருக்கு. அப்பாவுக்கு ஒண்ணு, பொண்டாட்டிக்கு ஒண்ணு. சரியா ரெண்டு. எனக்கு ஒண்ணு, எங்கம்மாவுக்கு. சரியா ஒண்ணு. இவளுக்கு மட்டும் தப்பிருச்சாக்கும்?”

தோனியா மாவைத் தொடர்ந்து கரைத்தாள். லீனுக்கு இந்தக் கல்யாணத்தால் ஒரு நட்டம் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் எண் அவள் போட்டதல்ல.

திங்கட்கிழமை பட்டறையில் அது வந்து சேர்ந்துவிட்டது. நோல்டா ஈரப் புகையிலைகளை எடுக்கக் கீழறைக்குப் போகும்போதெல்லாம் உரிக்கும் மேசையில் பேச்சு எழும், அவள் படியேறும் சத்தம் கேட்டதும் அடங்கும். நான் வடக்கு ஜன்னலருகே இருந்ததால் முழுவதும் கேட்டேன். முதலில் எல்லோரும் நினைத்தது ஒன்றுதான். ஆண்ட்வெர்ப்பில் எட்டு வருடம், இளம் பெண், திடீரென்று திரும்பி வந்தாள். ஒரு குழந்தை இருந்து செத்திருக்க வேண்டும்.

அதைக் கெடுத்தவள் பெட்யே; நரம்பு உரிக்கிறவர்களில் பழையவள், நோல்டாவோடு ஒன்றாகப் படித்தவள். அவளுக்கு ஞானோபதேசம் முழுவதும் மனப்பாடம்.

“குழந்தையா இருக்க முடியாதுடி,” என்றாள். “ஞானஸ்நானம் குடுத்திருந்தா நேரா மோட்சம். குடுக்கலன்னா மோட்சத்துக்கு வெளிமுற்றம், அங்கிருந்து அசையாது. உத்தரிக்கிற ஸ்தலத்துக்குக் குழந்த எங்க வந்துது?”

“அவளுக்கு அது தெரியணுமே.”

“உபதேசப் பரீட்சையில என் பக்கத்துல ஒக்காந்து பரிசு வாங்குனவ அவ.”

“அப்போ வளந்த ஆளு.”

யாரோ ஒருத்தி மெதுவாக, “ஆம்பள,” என்றாள். அப்போது நோல்டா படியேறி வரும் சத்தம் கேட்டது.

இப்படியாக ஒரு குழந்தையின் பாவத்திலிருந்து அவளை வேதம் விடுவித்தது; அதே வேதம் ஓர் ஆணை அவள் தலைமேல் ஏற்றியது. அந்த ஆண் வாரத்துக்கு ஒரு வேடம் போட்டான். கப்பல்காரன் ஆனான். மனைவியுள்ள எஜமான் ஆனான். தூக்கில் தொங்கியவன்கூட ஆனான். ஆனால் தூக்கில் தொங்கியவன் நேராக நரகத்துக்கல்லவா, அவனுக்குப் பலன் சேருமா என்று பெட்யே கேட்டதால் அவனை விட்டுவிட்டார்கள்.

ஹாரி ஆகஸ்டு கடைசி ஞாயிறு, மாலை மன்றாட்டு முடிந்து வந்தான். கட்டப்போகிறவர்கள் தனியாக உட்காரும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆகையால் நானும் தோனியாவும் அதே மேசையில் இருந்தோம். ஹாரி மெதுவான ஆள். சொந்தச் சித்தப்பனிடம் மாடு வாங்கினாலும் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் விலை பேசி முடிக்க மாட்டான். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டான்.

“அஞ்சாவது யாருக்கு?”

நோல்டா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்கவில்லை. பட்டறையில் பேச்சு அடங்குவதை அவளும் கவனித்திருக்க வேண்டும்.

“யாரும் போகாத ஆத்துமாவுக்கு.”

“அப்படின்னா?”

“உத்தரிக்கிற ஸ்தலத்துல யாருமே மன்றாடாத ஒருத்தர் இருப்பாங்கல்ல. அவங்களுக்கு. எங்கம்மா ஊர்ல கடைசியா எல்லாரும் ஒண்ணு அப்படிப் போவாங்களாம். அம்மா இங்க வந்தும் போனா. என்னயும் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போனா. நான் அத விடல.”

“இங்க யாரும் அப்படிப் போறதில்ல.”

“இல்ல.”

“அந்த ஆத்துமாவோட பேரு?”

“பேரு தெரிஞ்சிருந்தா யாராவது போயிருப்பாங்களே, ஹாரி.”

அவன் அதை நீண்ட நேரம் மென்றான். பிறகு, அவளுக்கு உதவுவதாகவே நினைத்து, ஆண்ட்வெர்ப் எஜமானியம்மா செத்ததால்தானே நீ வேலையை விட்டு வந்தாய் என்று கேட்டான். ஆமாம் என்றாள்.

“அப்போ அந்தம்மாவுக்குன்னு சொல்லு. நான் லீன்கிட்ட அப்படியே சொல்லி முடிச்சிடறேன்.”

“அந்தம்மாவுக்கு நாலு புள்ளைங்க இருக்காங்க. அவங்க போவாங்க. நான் அந்தம்மாவுக்குப் போகல.”

ஹாரி தொப்பியை எடுத்துக்கொண்டான். செப்டம்பர் முதல் ஞாயிறு ஓலையில் வேறு இரண்டு பெயர்கள் வாசிக்கப்பட்டன. அவர்கள் பெயர் வரவில்லை.

அவன் பங்குச்சாமியிடம் போய்க் கேட்டான் என்பது பிறகு தெரிந்தது. அப்படி மன்றாடுவது அனுமதிக்கப்பட்டதுதான், நல்லதும்கூட, ஆனால் தன் பங்கில் அந்த வழக்கத்தைத் தான் கண்டதில்லை என்று சாமி சொன்னாராம். அவர் உள்ளதைச் சொன்னார். ஊர் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டது. அவளுடைய பாவசங்கீர்த்தனம் கேட்டவர் அவர். அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதால் அவர் ‘பொய்’ என்று சொல்ல முடியாது, ‘உண்மை’ என்றும் சொல்லவில்லை. அப்படியானால் ஏதோ இருக்கிறது.

நான் வேறு மாதிரி இருந்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். இல்லை. எங்கள் வீட்டில் அவள் பதினோரு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவள். ஆனாலும் பழையவற்றையெல்லாம் எடுத்துத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன். வந்த புதிதில் ஆண்ட்வெர்ப்பிலிருந்து அவளுக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது. யாரிடமிருந்து என்று நான் அப்போது கேட்கவில்லை. இப்போது இரவுச் சாப்பாட்டின்போதெல்லாம் அந்த அட்டை நினைவுக்கு வந்தது. தோனியாவோ, நோல்டா ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு நாள் பேசாமல் இருப்பாளே, அது எந்தத் தேதி என்று என்னிடம் கேட்டாள். ஒரு காலையில் நோல்டா எனக்கு முன்பே வேலைக்குக் கிளம்பியதும் நான் மாடிப்படி ஏறி அவள் கதவின் முன் நின்றேன். உள்ளே போகவில்லை. ஆனால் நின்றேன்.

அக்டோபரில் உருளைக்கிழங்கு எடுத்தார்கள். பன்றி அடிக்கும் காலமும் வந்து போனது. கோவிலில் அவள் உட்காரும் பலகையில் இருபுறமும் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். வெறுப்பென்று சொல்ல முடியாது. யோசித்துக்கொண்டிருப்பவர்கள் விடும் இடம் அது. நோல்டா அழவோ சண்டை போடவோ இல்லை. புகையிலையை இடது கையில் சுற்றி வலது கையால் நரம்பை இழுப்பாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் உரித்த இலைகளில் ஒரு கிழிசல் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரம் ஒரு நாள் பட்டறையிலிருந்து சேர்ந்து நடந்து வந்தோம். பாதியில் அவள் கேட்டாள்:

“யோஸ் அண்ணே, எங்கம்மா பொய் சொல்லியிருப்பாளா?”

“என்ன பொய்?”

“அவளுக்கே யாராவது இருந்திருந்தா? கல்யாணத்துக்கு முன்னால, அந்தப் பக்கத்துல. அவங்களுக்குத்தான் போயிருந்தா? பக்கத்துல நின்ன சின்னப் புள்ளகிட்ட ‘யாரும் இல்லாத ஆத்துமாவுக்கு’ன்னு சொல்றது சுலபம்தான?”

நான் அவளைப் பார்த்தேன். ஊர் அவள்மேல் எறிந்ததை அவள் எடுத்துத் தன் அம்மாமேல் வைத்திருந்தாள். அப்படியெல்லாம் இருக்காது என்றேன். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். வெஸ்டரேலில் விசாரிக்க அவளுக்கு அங்கே யாரும் மிச்சமில்லை. நவம்பரில் அவள் பேசாமல் இருக்கும் நாள் எதுவென்றும் அப்போது சொன்னாள். அது அவள் அம்மா இறந்த நாள்.

பிப்ரவரி நடுவில் வாத்தியாருக்குப் பேராசிரியர்களிடமிருந்து அச்சடித்த தாள் ஒன்று வந்தது. ஊர் ஊராக வந்த விடைகளைத் தொகுத்திருந்தார்கள். தன் நோட்டால் வந்த வினை வாத்தியாருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. லீனை வேலையிலிருந்து நிறுத்த மனம் வராமல், வெள்ளிக்கிழமைகளில் நோட்டைப் பூட்டி வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். தாளைப் படித்ததும் குடையை மறந்து மழையில் ஹாரியின் பண்ணைக்கு நடந்திருக்கிறார்.

ஹாரி அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்தான். வேலை நாளில் அவன் வந்தது அதுதான் முதல்முறை. மரக்காலணியைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் வந்து தாளை மேசைமேல் விரித்தான். அதில் வாத்தியார் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் மூன்று ஊர்களில், சொந்த இறந்தவர்களுக்காகப் போய்வந்த பிறகு, யாரும் நினைக்காத ஆத்துமாவுக்காகக் கடைசியாக ஒரு முறை நுழைவார்கள் என்று இருந்தது.

“அச்சுல இருக்கு,” என்றான் ஹாரி. அவன் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை.

நோல்டா கையைத் துடைத்துக்கொண்டு விளக்கை இழுத்துவைத்துப் படித்தாள். விரலை வைத்து இன்னொரு முறை படித்தாள். அவள் விரல் மூன்று ஊர்ப் பெயர்களின்மேல் நின்று நின்று போனது. பிறகு தாளை அவன் பக்கம் திருப்பினாள்.

“எங்கம்மா ஊரு இதுல இல்ல.”

தோனியா மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது.

“பக்கத்து ஊருங்கதான இதெல்லாம்?” என்றான் ஹாரி.

“எங்கம்மா ஊர்லேர்ந்து ரெண்டு மணி நேரம் நடக்கணும். இங்கேர்ந்து எல்லைக்கும் ரெண்டு மணி நேரந்தான். இங்க அந்தப் பழக்கம் இல்லியே.”

“அங்க இருக்கலாம்ல.”

“இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். தாளு எங்கம்மாவப் பத்தி ஒண்ணும் சொல்லல, ஹாரி. நீ அப்புறமா எண்ணிப் பாத்துட்டு வந்து கேக்கறதுக்கு முன்னால நானே சொல்லிடறேன்.”

ஹாரி உட்கார்ந்தான். காலணியிலிருந்து தண்ணீர் தரையில் பரவியது. தோனியா அவனுக்குக் காப்பி ஊற்றினாள். அவன் அதைத் தொடவில்லை. அவன் மெதுவாக யோசிக்கிறவன் என்று சொன்னேன். நாங்கள் மூவரும் காத்திருந்தோம். நோல்டா வாயை மூடிக்கொண்டிருந்தால் வசந்தத்துக்குள் தன் வீட்டுக் கதவைத் தானே திறந்திருப்பாள். அதை அவளே ஒரு வாக்கியத்தில் திருப்பிக் கொடுத்திருந்தாள். அவள் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

“அப்போ மறுபடி ஒன் பேச்சு மட்டுந்தான்,” என்றான் ஹாரி.

“என் பேச்சும் எங்கம்மா பேச்சும். எங்கிட்டயும் அவ்வளவுதான் இருக்கு.”

“நீ அவள நம்பறியா?”

இந்தக் கேள்விக்கு அவள் உடனே பதில் சொல்லியிருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். அவள் விளக்கின் திரியைக் கொஞ்சம் இறக்கினாள்.

“நம்பறேன்,” என்றாள். “டிசம்பர்ல நம்பல. இப்ப நம்பறேன்.”

“எது மாத்துச்சு?”

“எதுவும் மாத்தல. நம்பாம இருக்கறது அலுத்துப் போச்சு.”

ஹாரி தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். வாத்தியாருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றான். காப்பியை ஒரே மூச்சில் குடித்தான். எழுந்து கதவுவரை போய்த் திரும்பினான்.

“சாம்பல் புதனோட நோன்பு வந்துரும், அப்புறம் கல்யாணம் கெடையாது. அதுக்கு முன்ன ஓலைக்கு மூணு ஞாயிறு இருக்கு,” என்றான். “சாமிகிட்ட நாளைக்குச் சொல்லிடறேன். நீ வேணாம்னா இப்பவே சொல்லு.”

நோல்டா வேண்டாம் என்று சொல்லவில்லை. காலணியைக் கழற்றாமல் என் தரையை நாசம் பண்ணியவன் என்று தோனியா அவனைத் திட்டியது மட்டும் கேட்டது.

முதல் இரண்டு ஞாயிறும் ஓலை வாசித்தபோது கோவிலில் சலசலப்பு இருந்தது. மூன்றாவது ஞாயிறு அது இல்லை. இவர்களுக்குள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர் சொல்லக் கடமைப்பட்டவர் என்று சாமி கடைசி முறையாக வாசித்து முடித்ததும், எல்லாத் தலைகளும் லீன் பக்கம் திரும்பின. லீன் மன்றாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்தைத் திருப்பாமல். ஊர் முழுவதும் அந்தக் கப்பல்காரனுக்காகவோ எஜமானுக்காகவோ காத்திருந்தது. வருவதாக இருந்தால் அப்போது வந்திருக்க வேண்டும். பின்பலகையில் யாரோ இருமினார்கள். சாமி அடுத்த வார நோன்பு விதிகளை வாசிக்கத் தொடங்கினார்.

லீன் கல்யாணத்துக்கு வந்தாள், விருந்துக்கு இருக்கவில்லை. பண்ணையின் முன்னறையை அவளுக்குக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் அவள் நோல்டாவிடம் பூனை வழியாகப் பேசினாள். “இந்த வீட்டுல உப்பு எங்க வச்சிருக்காங்கன்னு தெரியல” என்று பூனையிடம் சொல்வாள். நோல்டா எழுந்து உப்பை எடுத்துக் கொடுப்பாள். மூன்றாவது வருடம் லீனின் கால் முறிந்தது. அப்போது நேராகப் பேச வேண்டியதாயிற்று.

வாத்தியார் போருக்கு முன்பே மாற்றலாகிப் போனார். ஹாரியும் நோல்டாவும் இருபத்தேழு வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஹாரி அந்த ஐந்தாவது ஆள் பற்றிக் கேட்கவேயில்லை என்று சொன்னால் அது பொய். இரண்டு முறை கேட்டான். ஒருமுறை போர்க்காலத்தில், காய்ச்சலில் கிடந்தபோது. இன்னொரு முறை ஒரு சந்தை நாளில், வண்டியில் வரும்போது, எந்தக் காரணமும் இல்லாமல். இரண்டு முறையும் அவள் அதே பதிலை அதே சொற்களில் சொன்னாள், கோபப்படவில்லை. இதை என்னிடம் சொன்னது ஹாரிதான், நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அவன் வேலியருகே நின்று பேசியபோது.

நான் அவனைக் கேட்டேன், இப்போதாவது நம்புகிறாயா என்று.

அவன் வழக்கம்போல யோசித்தான்.

“முக்காவாசி நாள் நம்பறேன்,” என்றான்.